மேலிருப்பவர் பதில் சொல்வதில்லை

"மேல இருக்கிறவன் கீழ இருக்கிறவனுக்குப் பதில் சொல்றதா? இது ஆபீஸா, சந்தைக்கடையா?"

இயக்குநர் மேசையைத் தட்டிய வேகத்தில் மூடியில்லாத பேனா ஒன்று உருண்டுபோய்த் துணை இயக்குநரின் சட்டையில் கோடு போட்டது. துணை இயக்குநர் அதைத் துடைக்கவில்லை. இயக்குநரின் பேனா போட்ட கோடு. துடைக்க உத்தரவு வரவில்லை.

"சார், அது ஆள் இல்ல சார். ஃபர்ம்வேர்!" புரோகிராமர் பெண்ணும் குரலை உயர்த்தினாள்.

"எந்த வேரா இருந்தா எனக்கென்னம்மா? படத்துல எங்க இருக்கு? கீழதானே?"

"கீழதான் சார். ஆனா..."

"அவ்வளவுதான். கீழ இருக்கு. பேச்சு முடிஞ்சுது."

கதவோரம் டார்ச் விளக்கோடு நின்றிருந்த திருப்புளிக்கு ஒன்றும் விளங்கவில்லை. பாவம், அவன் கேட்டது ஒரு கார்டைக் கழற்ற அனுமதி. அதற்கு இத்தனை கூச்சலா?

திருப்புளி என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. சட்டைப் பையில் மற்றவர்கள் பேனா வைக்கும் இடத்தில் அவன் திருப்புளி வைத்திருந்ததால் அலுவலகம் வைத்த பெயர். பிறப்பு, இறப்பு, திருமணம் மூன்றையும் பதிவு செய்கிற அலுவலகம் அது. ஊரில் ஒருவன் பிறந்தாலும் அங்கிருக்கும் மெஷின் ஒப்புக்கொண்டால்தான் பிறந்தான். செத்தாலும் அது சொன்னால்தான் செத்தான். அந்த மெஷினைத் துடைத்து, குளிரவைத்து, நிற்காமல் பார்த்துக்கொள்வது திருப்புளியின் வேலை. தற்காலிக வேலை. பதினோரு வருடத் தற்காலிகம்.

நிரந்தரமாவதற்கு ஒரு விதி இருந்தது. மெஷின் தொடர்ந்து முந்நூற்று அறுபத்தைந்து நாள், ஒரு நிமிடம்கூட நிற்காமல் ஓடியிருக்க வேண்டும். நின்றால் மறுபடியும் முதல் நாள். ஒரு வருடம் இடி கெடுத்தது, ஒரு வருடம் எலி கெடுத்தது, ஒரு வருடம் செல்போனுக்குச் சார்ஜ் போடுவதற்காக இயக்குநரே ஒரு பிளக்கைப் பிடுங்கினார். இந்த வருடம்தான் முந்நூறு நாளைத் தொட்டிருந்தது. நிரந்தரமானால் ஊழியர் குடியிருப்பில் நான்காம் எண் வீடு. இரண்டு அறை, கூடம், தனிச் சமையலறை. இப்போது அதே குடியிருப்பின் பின்பக்கம் ஒரே அறையில் அவன், மனைவி, இரண்டு மகள்கள். மூத்தவள் பரீட்சைக்குப் படிக்க உட்கார்ந்தால் மற்ற மூவரும் வாசலில் போய்க் கொசு அடிப்பார்கள். நான்காம் எண் வீடு பூட்டிக் கிடந்தது. அவன் மனைவி ஜன்னல் வழியாகவே எட்டிப் பார்த்து, எந்தச் சுவரோரம் கட்டில், எந்த மூலையில் தையல் மெஷின் என்று தீர்மானித்துவிட்டாள். குடியிருப்பில் எல்லோருக்கும் இது தெரியும். தெரியாதது மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு இருந்தார்கள்.

இந்த நேரம் பார்த்துத்தான் மெமரி கார்டு ஒன்று நோயில் விழுந்தது. எட்டுக் கார்டில் மூன்றாவது. நாளுக்கு இரண்டு பிழை. ஒற்றைப் பிழையென்றால் மெஷினே திருத்திக்கொள்ளும். ஒரே இடத்தில் இரண்டு சேர்ந்து விழுந்தால் திருத்தத் தெரியாது. பொய்யை எழுதுவதைவிட நின்றுவிடுவதே மேல் என்று நின்றுவிடும். அந்த அலுவலகத்தில் அப்படியொரு கொள்கை மெஷினுக்கு மட்டும்தான் இருந்தது.

நல்லவேளையாக, ஓடும்போதே கார்டைக் கழற்றும்படிதான் மெஷினைச் செய்திருந்தார்கள். பக்கத்தில் ஒரு பொத்தான். அமுக்கினால் ஆரஞ்சு விளக்கு சிமிட்டும், சற்று நேரத்தில் அணையும், கொக்கி விடும், கார்டு கையில் வரும். திருப்புளி அமுக்கினான். விளக்கு சிமிட்டியது. மதியம் சிமிட்டியது, சாயங்காலமும் சிமிட்டியது. கொக்கி மட்டும் விடவில்லை.

புரோகிராமர் பெண்ணைக் கூப்பிட்டான். அவள் திரையைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தாள்.

"அண்ணே, பொத்தானை அமுக்கினா முதல்ல ஃபர்ம்வேருக்குத்தான் தெரியும். போர்டுக்குள்ளேயே குடியிருக்கிற சின்ன நிரல் அது. அது கெர்னலைக் கேட்கும், 'இந்தக் கார்டை விடலாமா?'ன்னு. கெர்னல்தான் மெஷின்ல எல்லாத்தையும் மேய்க்கிறது. கார்டுல இருக்கிறதை வேற கார்டுக்கு மாத்திட்டு 'ஆச்சு, விடு'ன்னு அது பதில் சொல்லணும். சொன்னாத்தான் கரண்டை நிறுத்திக் கொக்கியை விடும்."

"மாத்தலையாம்மா?"

"நாலே நிமிஷத்துல மாத்திடுச்சு. பதில்தான் சொல்லல. கேட்டவன் வாசல்லயே நிக்கிறான். கொக்கி விடலைன்னதும், கார்டு இன்னும் இங்கதான் இருக்குன்னு கெர்னல் திரும்ப அதுலயே எழுத ஆரம்பிச்சுடுது. காலி பண்ணின வீட்டுக்கே மறுபடி குடி வர்ற மாதிரி."

"ஏன் பதில் சொல்லல? ரெண்டுக்கும் ஏதாவது மனஸ்தாபமா?"

"நம்ம ஆபீஸ் கெர்னல்ல பதில் சொல்ற பகுதியே இல்லண்ணே. யாரோ வெட்டி எடுத்திருக்காங்க."

யாரோ இல்லை. பதினைந்து வருடத்துக்கு முன்பு, இயக்குநர் வெறும் பிரிவு அதிகாரியாக இருந்தபோது, மெஷினின் படம் ஒன்று அவர் மேசைக்கு வந்தது. மேல் பெட்டியில் கெர்னல், கீழ்ப் பெட்டியில் ஃபர்ம்வேர். மேலிருந்து கீழே ஒரு அம்புக்குறி; அதன்மேல் 'நிலை அறிக்கை' என்று எழுதியிருந்தது. மேலதிகாரி கீழே அறிக்கை அனுப்புவதா என்று பதறிப்போய் அதைச் சிவப்பு மையால் அடித்தார். படத்தில் அடித்ததை மெஷினிலிருந்தும் வெட்டினார்கள். அந்த விழிப்புணர்வைப் பாராட்டித்தான் அவருக்குப் பதவி உயர்வே வந்தது. அந்தப் படம் இப்போது அவர் நாற்காலிக்குப் பின்னால் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது.

புரோகிராமர் பெண் நாற்பது வரி எழுதினாள். கெர்னல் இனி மூன்று பதில்களில் ஒன்றைச் சொல்லும்: 'நடக்கிறது', 'முடிந்தது', 'முடியாது'. மெஷினை நிறுத்தாமலே சேர்க்கக்கூடிய துண்டு. அதைத்தான் அன்று கூட்டத்தில் வைத்தாள். அதற்குத்தான் அத்தனை கூச்சல்.

கூச்சலின் முடிவில் ஒரு குழு பிறந்தது. மேல்-கீழ் நிர்ணயக் குழு. தலைவர் இயக்குநர், செயலாளர் துணை இயக்குநர், உறுப்பினர் பணிமூப்பு அதிகாரி. இந்தக் கடைசி மனிதரின் வேலை, யார் யாருக்கு முன்னால் சேர்ந்தார் என்ற பட்டியலைக் காப்பது. தன் வீட்டு இரட்டைப் பிள்ளைகளில் யார் மூத்தவர் என்பதில் ஏழு நிமிட வித்தியாசத்துக்குச் சான்றிதழ் வாங்கி வைத்திருப்பவர் என்று கேள்வி.

குழு மெஷின் அறைக்கு வருவதற்கே மூன்று வாரம் ஆனது. உள்ளே குளிர் என்பதால் ஸ்வெட்டர் வாங்க ஒப்புதல் வேண்டியிருந்தது. வந்ததும் துணை இயக்குநர் கேட்டார்.

"ஏம்ப்பா, இதுல கெர்னல் எங்க உட்கார்ந்திருக்கு?"

"இந்தக் கார்டுங்கள்ல சார்."

"ஃபர்ம்வேர்?"

"அதோ, அந்தச் சின்ன சில்லுல சார்."

பணிமூப்பு அதிகாரி அளவு நாடாவை எடுத்துத் தரையிலிருந்து அளந்தார். இரண்டு முறை அளந்தார். பிறகு இயக்குநரின் காதில் ஏதோ சொன்னார். இயக்குநரின் முகம் கறுத்தது.

"கார்டைவிடச் சில்லு ஒரு ஜாண் உசரத்துல இருக்கே! கீழ்நிலை ஊழியர் மேலதிகாரி தலைக்கு மேல உட்கார்ந்திருக்கான், இத்தனை வருஷமா யாரும் சொல்லலையா? மெஷினைத் தலைகீழா வை."

"ஐயோ சார், தலைகீழா வச்சா நின்னுடும் சார்!"

"நிக்கட்டுமே."

"நின்னா மறுபடி முதல் நாள் சார், நிரந்தரம் போயிடும். இன்னும் நாப்பத்திரண்டு நாள்தான் பாக்கி."

"பாரு, இவன் தன் சௌகரியத்தைப் பார்க்கிறான்," என்றார் இயக்குநர், மற்ற இருவரையும் பார்த்து. "நாம ஒழுங்கைப் பத்திப் பேசுறோம்."

மெஷினைத் தலைகீழாக்க ஆறு பேர் வேண்டும், ஆறு பேருக்கும் ஸ்வெட்டர் வேண்டும் என்று தெரிந்ததும் அந்த யோசனை ஒத்திவைக்கப்பட்டது. திருப்புளிக்கு உயிர் வந்தது. கார்டு மட்டும் காத்திருக்கவில்லை. பிழை நாளுக்கு இரண்டிலிருந்து மணிக்கு இரண்டாக ஏறியிருந்தது.

அடுத்த அமர்வில் பணிமூப்பு அதிகாரி ஒரு கேள்வியோடு வந்தார். காலையில் முதலில் வேலைக்கு வருவது யார்?

"சுவிட்ச் போட்டதும் முதல்ல முழிக்கிறது ஃபர்ம்வேர்தான் சார். அதுதான் கெர்னலை எழுப்பும்," என்றாள் புரோகிராமர் பெண்.

பணிமூப்பு அதிகாரி பட்டியலைப் புரட்டினார்.

"கீழ இருக்கிறது, மேல இருக்கிறதை எழுப்புதா?" என்றார் இயக்குநர்.

"உங்களையும் வீட்டுல டிரைவர்தானே சார் வந்து..." என்று ஆரம்பித்த துணை இயக்குநர், இயக்குநரின் பார்வை பட்டதும் இருமலாக மாற்றிக்கொண்டார். ஆனால் விஷயம் வெளியே வந்துவிட்டது. முதலில் எழுந்தவர் மூத்தவர் என்றால் ஃபர்ம்வேர் பணியில் மூத்தது. கெர்னல் பதவியில் பெரியது. அப்படியொரு சிக்கல் அந்த அலுவலகத்தில் இரண்டு எழுத்தர்களுக்கிடையே ஏற்கெனவே வந்து, இருவரும் ஓய்வுபெற்று, ஒருவர் இறந்தும்போய், இன்னும் தீராமல் இருக்கிறது. ஃபர்ம்வேரின் பிறந்த தேதிச் சான்று கேட்டு மெஷின் செய்த கம்பெனிக்குக் கடிதம் போனது. அது என்ன கேள்வி என்று புரியாமல் கம்பெனி ஒரு புது காலண்டரை அனுப்பிவைத்தது. குழு அதைக் கோப்பில் சேர்த்தது.

வீட்டில் மனைவி கேட்டாள். "என்னங்க, அந்தக் கார்டைக் கழட்டியாச்சா?"

"குழு பார்க்குது."

"குழு பார்க்கட்டும். நீங்க கழட்டினீங்களா?"

"பதில் வரணும்ல?"

"உங்களுக்குப் பதில் வரணும், மெஷினுக்குப் பதில் வரணும். வாயைத் தைச்சுட்டுப் பிறந்தவனுங்க எல்லாம் ஒரே கூரையில சேர்ந்திருக்கானுங்க போல," என்று சொல்லிவிட்டு, மூத்தவள் படிப்பதற்காக மற்றவர்களை வாசலுக்கு ஓட்டினாள்.

பதினைந்து நாள் பாக்கி இருந்தபோது குழு தீர்ப்புச் சொன்னது. அதற்கென்று ஒரு கூட்டம். இயக்குநர் எழுந்து நின்றார்.

"நான் முப்பத்தோரு வருஷம் சர்வீஸ் போட்டிருக்கேன். இத்தனை வருஷத்துல கீழ இருக்கிற ஒருத்தன்கிட்டயும் 'முடிஞ்சுது'ன்னு நான் சொன்னதில்ல. சொன்னா என்ன ஆகும்? அவன் வீட்டுக்குப் போயிடுவான். 'முடியாது'ன்னும் சொன்னதில்ல. சொன்னா, மேல போய் அப்பீல் பண்ணுவான். ரெண்டும் சொல்லாததாலதான் இந்த ஆபீஸ் இன்னிக்கும் நிக்குது. அதனால இந்தப் பொண்ணு எழுதின மூணு பதில்ல ரெண்டை நீக்கியிருக்கோம். முதல் பதில் மட்டும் போதும். அதையும் 'நடக்கிறது'ன்னு பச்சையா சொல்லாம, 'பரிசீலனையில் உள்ளது'ன்னு மாத்தியிருக்கோம்."

கைதட்டல் நிற்க வெகுநேரமானது. புரோகிராமர் பெண் மட்டும் கையைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"சார், அது எப்பவுமே 'நடக்குது'ன்னே சொல்லிட்டிருந்தா ஃபர்ம்வேர் காத்துக்கிட்டே இருக்கும் சார்."

"இருக்கட்டும்மா. காத்திருக்கிறதுதான் அவனோட பதவி."

திருத்தப்பட்ட துண்டு சேர்க்கப்பட்டது. திருப்புளி பொத்தானை அமுக்கினான். முன்பு படபடவென்று சிமிட்டிய விளக்கு இப்போது பதமாக, மூச்சு விடுவதுபோல் சிமிட்டியது. கொக்கி அப்படியே இருந்தது. சிமிட்டல் நிதானமானதைக் குழு பெரிய முன்னேற்றம் என்று பதிவு செய்தது. மற்ற துறைகளிலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ஒருவர் விளக்கோடு நின்று படம்கூட எடுத்துக்கொண்டார்.

ஒன்பது நாள் பாக்கி. பிழை மணிக்கு நானூறு. திருப்புளிக்குச் சோறு இறங்கவில்லை. மெஷின் முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்து, நோயாளியைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தான். மதியச் சாப்பாட்டு நேரத்தில் புரோகிராமர் பெண் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"அண்ணே, எல்லாரும் சாப்பிடப் போயிட்டாங்க. என் நாற்பது வரியை அப்படியே போடவா?"

"உன் வேலை போயிடும்மா."

"போகட்டும். எனக்கு வேற கிடைக்கும். உங்களுக்கு நாலாம் நம்பர் வீடு வேற கிடைக்குமா?"

அவன் பதில் சொல்வதற்குள் தட்டச்சு ஆரம்பித்துவிட்டது. பிறகு தலையை அசைத்தாள். அவன் பொத்தானை அமுக்கினான். விளக்கு சிமிட்டியது. மூன்று நிமிடம், நாலு நிமிடம். விளக்கு அணைந்தது. 'டக்' என்றொரு சத்தம். பதினோரு வருடத்தில் அந்தக் கட்டடத்தில் ஒரு வேலை முடிந்த சத்தத்தை அவன் கேட்டது அதுதான் முதல் தடவை. கார்டு வெதுவெதுப்பாகக் கையில் வந்தது. மற்ற ஏழு கார்டும் சலனமில்லாமல் ஓடின. பிழை எண்ணிக்கை அப்படியே நின்றது.

திருப்புளி சிரித்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டும் சிரித்தான். அன்று வீட்டுக்குப் போய் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டான் என்று அடுத்த வீட்டுக்காரர்கள் சாட்சி.

இரண்டு நாள் கழித்து, முன்னறிவிப்பில்லாமல், முன்னேற்ற ஆய்வுக்கு மூன்று பேரும் ஸ்வெட்டரோடு வந்து நின்றார்கள்.

"விளக்கு எங்கப்பா?" என்றார் துணை இயக்குநர்.

"அணைஞ்சுடுச்சு சார். வேலை முடிஞ்சுது சார்." சொல்லும்போதே அவனுக்குப் பெருமை தாங்கவில்லை.

"யார் முடிக்கச் சொன்னது?"

இயக்குநர் கார்டு இருந்த வெற்றுப் பொந்துக்குள் விரலை விட்டுப் பார்த்தார்.

"வர்ற திங்கட்கிழமை மேலிடத்துலேர்ந்து இந்த விளக்கைப் பார்க்க வர்றாங்க. குழுவுக்கு இன்னொரு வருஷம் நீட்டிப்புக் கேட்டிருக்கேன். இப்ப வேலை முடிஞ்சுதுன்னா அப்புறம் நாங்க எதைப் பரிசீலிக்கிறது? கார்டைத் திரும்பப் போடு."

"சார், அது கெட்டுப்போன கார்டு சார்."

"கெட்டுப்போச்சுன்னு குழு இன்னும் முடிவு பண்ணல."

"போட்டா மெஷின் நின்னுடும் சார். ஏழே நாள் சார். ஏழு நாள் கழிச்சுப் போடட்டுமா?"

இயக்குநர் அவன் தோளில் கை வைத்தார். அந்தக் கை யார் தோளிலும் விழுந்ததாக அதுவரை சரித்திரம் இல்லை.

"இதோ பாருப்பா. உன் நிரந்தர ஃபைல்ல கையெழுத்துப் போடப்போறது யாரு? நான். போடணும்னா நீ எப்படி நடந்துக்கணும்?"

புரோகிராமர் பெண் அன்று விடுப்பில் இருந்தாள். இருந்திருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கும் என்று இன்றும் சொல்பவர்கள் உண்டு. திருப்புளி கார்டைப் பார்த்தான், அந்தக் கையைப் பார்த்தான். பூட்டிய வீட்டின் ஜன்னல் அவன் கண்முன் வந்து நின்றது. கார்டைப் பொந்தில் வைத்து அழுத்தினான். புரோகிராமர் பெண் செய்ததைப் பக்கத்திலிருந்து பார்த்த பழக்கத்தில், அவள் போட்டிருந்த நாற்பது வரியை எடுத்துவிட்டு, குழுவின் துண்டைச் சேர்த்தான். பொத்தானை அமுக்கினான். ஆரஞ்சு விளக்கு பதமாகச் சிமிட்ட ஆரம்பித்தது. மூவரும் கைதட்டினார்கள்.

அன்று மதியம் மூன்று இருபதுக்கு, ஒரே இடத்தில் இரண்டு பிழை சேர்ந்து விழுந்தது. மெஷின் நின்றது.

பதினேழு நிமிடம். அந்தப் பதினேழு நிமிடம் ஊரில் யாரும் பிறக்கவில்லை, யாரும் சாகவில்லை. திருப்புளி கார்டைப் பிடுங்கி எறிந்துவிட்டு மெஷினை மறுபடி எழுப்பினான். முகப்பில் இருந்த நாள் எண்ணிக்கை முந்நூற்று ஐம்பத்தெட்டிலிருந்து ஒன்றுக்கு வந்திருந்தது.

விசாரணையை அதே குழு இயக்குநர் அறையில் நடத்தியது.

"கெட்டுப்போன கார்டுன்னு தெரிஞ்சே ஏன்பா போட்டே?" என்றார் துணை இயக்குநர்.

"நீங்கதானே சார் போடச் சொன்னீங்க!"

"எழுத்துல இருக்கா?"

"வாயால சொன்னீங்க சார். மூணு பேரும் இருந்தீங்க. தோள்ல கை வச்சு..."

"நாங்க உன்கிட்ட எதுக்குப்பா பேசப்போறோம்?" என்றார் இயக்குநர், உண்மையிலேயே ஆச்சரியத்தோடு. "நீ எங்களுக்கு எவ்வளவு கீழ!"

விடுப்பிலிருந்து திரும்பியிருந்த புரோகிராமர் பெண் விசாரணை அறைக்குள் நேரே வந்தாள். சுவரிலிருந்த கண்ணாடிப் படத்தைக் கழற்றி, தலைகீழாக மாட்டிவிட்டு, "இப்ப நீங்கதான் சார் கீழ. இனிமேயாவது பதில் சொல்லிப் பழகுங்க," என்று சொல்லி ராஜினாமாக் கடிதத்தை மேசையில் வைத்துவிட்டுப் போனாள். படத்தைத் திருப்பி மாட்டுவது எந்தப் பிரிவின் வேலை என்று தெரியாததால் அது ஒரு மாதம் அப்படியே தொங்கியது.

திருப்புளி வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தான். குடியிருப்பு முழுவதும் அவனுக்கு முன்னாலேயே செய்தி வந்து சேர்ந்திருந்தது. மனைவி துணிகளை மடிக்க ஆரம்பித்தாள்.

"என்ன பண்றே?"

"பன்னிரண்டாவது வருஷமும் நான் அந்த ஜன்னலை எட்டிப் பார்க்கமாட்டேன். எந்திரிங்க. அந்தப் பாத்திர மூட்டையைக் கட்டுங்க."

நகரத்தின் மறுகோடியில் ஒரு அச்சகத்தில் அவனுக்கு வேலை கிடைத்தது. முதல் நாள் ஒரு மெஷின் பழுது. பதினொரு மணிக்குச் சரி செய்துவிட்டு நின்றுகொண்டிருந்தான். முதலாளி அம்மா எட்டிப் பார்த்து, "முடிஞ்சுதா?" என்றாள். "முடிஞ்சுதும்மா," என்றான். "சரி, அடுத்ததைப் பாருங்க," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அந்த இடத்திலேயே அவன் கால் மணி நேரம் நின்றிருக்கிறான். குழு வருமென்று எதிர்பார்த்தானோ என்னவோ.

புரோகிராமர் பெண் கடல் தாண்டிப் போனாள். போன இடத்தில் கூட வேலை பார்ப்பவனையே கட்டிக்கொண்டாள். பத்திரிகை திருப்புளிக்கு மட்டும் வந்தது. மூத்த மகள் பரீட்சையில் தேறி விடுதியில் சேர்ந்தாள். அச்சகத்துக்காரம்மாவின் அண்ணன் மகன் அவளுக்குக் கடிதம் எழுதுவதாக ஒரு பேச்சு இருக்கிறது, இன்னும் உறுதியாகவில்லை. இயக்குநர் நீட்டிப்புப் பெற்று, அதன்பின் ஓய்வுபெற்று, மாப்பிள்ளை வீட்டோடு போய்ச் சேர்ந்தார். துணை இயக்குநர் அவர் நாற்காலிக்கு நகர்ந்தார்.

நான்காம் எண் வீடு ரொம்ப நாள் காலியாக இல்லை. மேல்-கீழ் நிர்ணயக் குழுவின் கோப்புகளுக்கு அலுவலகத்தில் இடம் போதவில்லையாம். போன மாதம் வண்டி வைத்துக் கொண்டுவந்து இறக்கினார்கள். இரண்டு அறையிலும், கூடத்திலும், சமையலறை மேடையிலும் இப்போது அவைதான் குடியிருக்கின்றன. நிரந்தரமாக.